சேமி பட்டனும் ஜெபமாலையும்

அந்தப் பட்டனை எடுத்தது நான்தான். கள ஊழியர்கள் வீடு வீடாகப் போய் விவரம் சேகரித்து மொபைலில் பதியும் ஆப் அது; அதன் திரைகளை வடிவமைப்பது என் வேலை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சேமி' என்று ஒரு பட்டன் இருந்தது. புதிய பதிப்பில், தட்டத் தட்டத் தானாகவே சேமித்துக்கொள்ளும்படி டெவலப்பர்கள் மாற்றிவிட்டார்கள். அப்புறம் அந்தப் பட்டனுக்கு என்ன வேலை? எடுத்துவிட்டேன். பக்கம் பளிச்சென்று ஆனது. மீட்டிங்கில் கைத்தட்டல்கூடக் கிடைத்தது.

ஒரே வாரத்தில் உதவி எண்ணுக்கு அழைப்புகள் குவிந்தன. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "பதிஞ்சது ஏறிடுச்சா இல்லையா, எப்படித் தெரிஞ்சுக்கறது?" தானாக ஏறிவிடும் என்று சொல்லிப் பார்த்தோம். திரையின் மேலே ஒரு வரி எழுதியும் பார்த்தோம். அழைப்பு குறையவில்லை. கடைசியில் நானே கிளம்பிப் போய் ஓர் ஊழியரின் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன்.

நாற்பதைத் தாண்டிய அக்கா அவர். ஒரு குடும்பத்தின் விவரத்தைப் பதிந்து முடித்ததும் முந்தைய பக்கத்துக்குப் போனார். திரும்ப உள்ளே வந்து, எல்லாம் இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தார். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. அதுவும் போதாமல் பையிலிருந்து நோட்டை எடுத்து அதே விவரத்தைப் பேனாவால் எழுதிக்கொண்டார். முன்னெல்லாம் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சேமியை ரெண்டு தடவை அமுக்குவேன். போனை அப்படியே கொஞ்ச நேரம் கையில வச்சிருப்பேன். அப்புறம் பையில போட்டுருவேன்."

"ஒரு தடவை அமுக்கினா போதாதாக்கா?"

"போதும்னுதான் டிரெய்னிங்ல சொன்னாங்க. ஆனா ரெண்டாவது தடவை அமுக்கினாத்தான் மனசு ஆறும்."

அந்தக் 'கொஞ்ச நேரம்' என்னைப் பிடித்துக்கொண்டது. என் அப்பா பிரார்த்தனை முடிந்ததும் உடனே எழுந்துவிட மாட்டார். கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமல் ஒரு மூச்சு நேரம் அப்படியே இருப்பார். சின்ன வயதில் எனக்கு அது பொறுமையைச் சோதிக்கும் நேரம். அதே நிறுத்தத்தை ஒரு மொபைல் திரைக்கு முன்னால் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. நான் பெரிய பக்திமான் இல்லை, நாத்திகனும் இல்லை. இரண்டுக்கும் நடுவே சௌகரியமாக உட்கார்ந்திருப்பவன். ஆனால் அன்றைக்குப் பிறகு, என் தொழிலில் நான் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் நம்பிக்கையைத்தான் என்று தோன்ற ஆரம்பித்தது. விவரம் எங்கே போகிறது, எந்த சர்வரில் உட்காருகிறது என்று அந்த அக்காவுக்குத் தெரியாது. நேர்மையாகச் சொன்னால் எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். இருவருமே நம்பித்தான் அழுத்துகிறோம்.

இதை யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) ஆட்களிடம் சொன்னால் உடனே புறாக் கதைக்குப் போய்விடுவார்கள். நானும் பல வருடம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தவன்தான். 1948-இல் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், பசித்த எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் வைத்தார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும். அப்படியும் எட்டில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றியது. இன்னொன்று கூண்டின் மேல் மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததே தீனியை வரவழைத்தது என்று புறா நினைத்துவிட்டதுபோல, இது ஒரு வகை மூடநம்பிக்கை என்றார் ஸ்கின்னர். 1971-இல் ஸ்டாடன், சிம்மெல்ஹாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை மறுபடி செய்து பார்த்தார்கள். தீனி வரப்போகும் நேரத்தில் புறாக்கள் செய்தவற்றில் பெரும்பகுதி, தீனியை எதிர்பார்க்கும் புறா இயல்பாகவே செய்வதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்தது. அந்த இரண்டாம் பகுதியை யாரும் மேடையில் சொல்வதில்லை. சிரிப்பு வராதே.

அக்காவின் இரண்டாவது அழுத்தலும் அப்படித்தான், வெறும் மூடநம்பிக்கை இல்லை. மதியம் அவரிடம் மெல்லக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. சில வருடங்களுக்கு முன் அந்த ஆப்பின் பழைய பதிப்பு அவருடைய இரண்டு நாள் வேலையை விழுங்கியிருக்கிறது. அவ்வளவு வீடுகளுக்கும் மறுபடி நடந்திருக்கிறார். இரண்டாவது அழுத்தல் அந்தக் காயத்தின் மேல் வளர்ந்த தோல். நான் அதைப் 'பயனர் அறியாமை' என்ற தலைப்பில் அறிக்கையில் எழுதி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு, யூசர் டெஸ்ட்டில் யாராவது அர்த்தமில்லாத ஒன்றைச் செய்தால் "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அப்படிக் கேட்டால் மனிதர்கள் வெட்கப்பட்டு, ஏதாவது ஒரு காரணத்தை அங்கேயே தயாரித்துத் தந்துவிடுவார்கள். "இதை எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறீர்கள்?" என்றுதான் இப்போது கேட்கிறேன். காலத்தைக் கேட்டால் கதை வருகிறது.

சரி, பட்டனுக்கு வருவோம். திரும்ப வைக்கலாம் என்றேன். டெவலப்பர் சண்டைக்கு வந்தார். "அது ஒண்ணுமே செய்யாது. வெறும் பொம்மைப் பட்டன். ஏமாத்து வேலை." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொம்மைப் பட்டன்கள் உலகத்தில் ஏற்கெனவே நிறைய. நியூயார்க்கில் சாலையைக் கடக்க அழுத்தும் 3,250 பட்டன்களில் 2,500-க்கும் மேல் வேலை செய்யாதவை என்று 2004-இல் செய்தி வந்தது. சிக்னல்களைக் கணினி இயக்க ஆரம்பித்தும் பட்டன்களைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். மக்கள் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அப்படி ஒன்றை என் கையால் செய்ய எனக்கும் மனமில்லை.

அந்த இழுபறியில்தான் அப்பாவின் ஒரு மூச்சு நேரம் உதவியது. பிரார்த்தனை என்று ஒன்று இருக்கும் இடத்திலெல்லாம், அதன் முடிவுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு ஆமென். தொழுகையின் கடைசியில் முகத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பி ஸலாம் சொல்கிறார்கள். உபநிடத ஓதல் மூன்று முறை சாந்தி சொல்லி முடிகிறது. கேட்க வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே கேட்டாகிவிட்டது. கோரிக்கையில் இந்தச் சொற்கள் எதையும் கூட்டுவதில்லை. 'முடிந்தது, இனி எழுந்து உன் வேலையைப் பார்க்கலாம்' என்று அவை ஆளை விடுவிக்கின்றன. அது இல்லாமல் எழுந்தால் பாதியில் எழுந்ததுபோல இருக்கும். நான் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது ஆமெனை. மனிதர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள்.

ஆகவே பட்டனை உண்மையான வேலையோடு திரும்ப வைத்தோம். அழுத்தினால் அந்தக் கணமே சர்வரோடு ஒரு முறை பேசி, அங்கே சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, 'சேமிக்கப்பட்டது' என்று நேரத்தோடு காட்டும். நெட்வொர்க் இல்லையென்றால் 'போனில் இருக்கிறது, இன்னும் மேலே போகவில்லை' என்று ஒளிக்காமல் சொல்லும். டெவலப்பர் சமாதானமானார். 'முடிந்தது' என்ற உணர்வைக் கொடுப்பதாக இருந்தால், நிஜமாகவே முடிந்திருக்க வேண்டும். இதில் மட்டும் இன்றுவரை நான் பேரம் பேசுவதில்லை.

அடுத்த பாடம் நேரடியாகவே பிரார்த்தனை தொடர்பானது, அதில் என் தலைக்கனம் நன்றாகவே அடி வாங்கியது. ஜெபம் எண்ணும் ஆப் ஒன்றை வடிவமைக்கும் வேலை வந்தது. எந்த மதத்தினரும் பயன்படுத்தலாம், எண்ணிக்கையை அவரவரே அமைத்துக்கொள்ளலாம். நான் உற்சாகமாக வரைந்தேன். நடுவில் பெரிய எழுத்தில் எண், சுற்றி நிறைந்துகொண்டே வரும் வட்டம், 108 முடிந்ததும் வண்ணக் காகிதத் துண்டுகள் பறக்கும். முதல் டெஸ்ட்டில் எழுபதை ஒட்டிய ஒரு பெரியவர். ஐந்து நிமிடம் பொறுமையாகத் தட்டினார். போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"தம்பி, எத்தனை ஆச்சுன்னு எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே மாலையே கண்டுபிடிச்சாங்க. நீங்க அதையே பெருசா எழுதி மூஞ்சிக்கு நேரா காட்டறீங்க."

அன்று மாலை வீட்டில் அப்பாவின் மாலையை முதல்முறையாக ஒரு பொருளாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். இருபது வருடம் கண்ணெதிரே தொங்கியது. 108 மணி, அவற்றோடு சேராமல் மேரு என்று ஒரு பெரிய மணி. விரல் மேருவைத் தொட்டதும் சுற்று முடிந்தது என்று தெரிகிறது. அதைத் தாண்டக் கூடாது, மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போக வேண்டும். கத்தோலிக்கரின் செபமாலையில் 59 மணிகள். பத்து மணிக்கு ஒரு முறை இடைவெளி விட்டுத் தனி மணி வரும், அங்கே ஜெபம் மாறுகிறது என்று விரலுக்குத் தெரியும். முஸ்லிம்களின் தஸ்பீஹ் மாலையில் 99, முப்பத்துமூன்றுக்கு ஒரு முறை வேறு வடிவில் ஒரு தடுப்பு. எதற்கும் கண் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், கணக்கு வேண்டாம். எண்ணும் வேலையை விரலிடம் கொடுத்துவிட்டு மனதை வெளியே விட்டுவிடும் கருவி அது. இதை எந்த டிசைன் டீமும் செய்யவில்லை. பல தலைமுறைக் கைகள் தேய்த்துத் தேய்த்து இந்த வடிவுக்குக் கொண்டுவந்தன.

எண்ணைத் தூக்கினேன். வட்டத்தைத் தூக்கினேன். திரை முழுக்கக் கறுப்பு, எங்கே தட்டினாலும் ஒரு மணி நகரும். தொட வேண்டிய குறி பெரிதாக இருந்தால் கை அதைச் சீக்கிரம் எட்டும் என்று 1954-இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் கணக்காகவே எழுதிக் காட்டியிருக்கிறார். எங்கள் குறி திரை முழுவதுமே. ஒவ்வொரு தட்டலுக்கும் சின்ன அதிர்வு, சுற்று முடிந்தால் நீளமாக ஒன்று. டெமோ காட்ட எதுவுமே இல்லாத டெமோ. கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு ப்ராடக்ட் மேனேஜர் "ஆப் கிராஷ் ஆயிடுச்சா?" என்று கேட்டார். பெரியவர் மட்டும் அடுத்த டெஸ்ட்டில் போனைக் கவிழ்த்து வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தட்டினார், நேரம் முடிந்துவிட்டது என்று நாங்கள்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அத்தோடு நின்றிருந்தால் பெருமையாக எழுதி முடித்திருக்கலாம். அதே ஆப்பில் இன்னொரு தப்பும் செய்தேன். தொடர்ந்து எத்தனை நாள் ஜெபித்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் ஸ்ட்ரீக். மேனேஜர் கேட்டார், நான் மறுக்கவில்லை. அழகாகவே வரைந்தேன், தீச்சுடர் எல்லாம் வைத்து. வெளியாகிச் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. அம்மா இறந்துவிட்டார், பத்து நாள் ஆப்பைத் திறக்கவில்லை, பதினொன்றாம் நாள் கொஞ்சம் ஆறுதல் தேடித் திறந்தால் உங்கள் ஆப் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை 'உங்கள் தொடர் முறிந்தது' என்று எழுதியிருந்தார். கோபமாகக்கூட எழுதவில்லை. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு என்னால் வேலை செய்ய முடியவில்லை.

மதங்கள் கண்டிப்பானவை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது வேறு. நோன்பு மாதத்தில் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு, விட்ட நாட்களை வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம். பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம். யூதர்களின் சப்பாத் விதிகள் எவ்வளவோ இறுக்கமானவை, ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மீறலாம், மீறியே ஆக வேண்டும். மனிதன் தவறுவான், நோயில் விழுவான், துக்கத்தில் மறப்பான் என்பது அவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு அனுபவம். நாங்கள் ஒரே வாரத்தில், எந்த மதத்திலும் இல்லாத ஒரு கொடுமைக்காரக் கடவுளைக் கோடிங் செய்து வைத்திருந்தோம்.

ஸ்ட்ரீக்கை எடுத்தோம். திரும்பி வருபவரிடம் ஆப் இப்போது எதுவும் சொல்வதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, அவ்வளவுதான். தினமும் திறப்பவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது, மேனேஜர் சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதன் பிறகு எந்த ஆப் வடிவமைத்தாலும், முதல் நாள் திரையை வரைவதற்கு முன்பே 'பல நாள் வராமல் இருந்து திரும்பி வருபவர்' காணும் திரையை வரைந்துவிடுகிறேன். வராமல் போனதற்கு என்ன காரணமும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் அங்கே வார்த்தை தேடுகிறேன். பெரும்பாலும் வார்த்தையே தேவைப்படுவதில்லை.

மாற்றம் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசைனர்களுக்குப் புதுப்பிப்பதில் ஒரு வெறி உண்டு, எனக்கும் உண்டு. ஒருமுறை மெனுவை இடப்பக்கத்திலிருந்து கீழே இறக்கினேன். கட்டைவிரலுக்கு எட்டும் இடம், டெஸ்ட்டில் வேகமும் கூடியிருந்தது, எல்லா ஆதாரமும் என் பக்கம். வந்த வசவுகளைப் பார்த்தால் ஏதோ அவர்கள் வீட்டு வாசலையே மாற்றிவிட்டேன்போல. அப்போது மூத்த சகா ஒருவர் நிக்கனைப் பற்றிப் படி என்றார்.

நிக்கன் 1652-இல் மாஸ்கோவின் முதுபெரும் தந்தை, அதாவது ரஷ்யத் திருச்சபையின் தலைவர் ஆனவர். ரஷ்யத் திருச்சபையின் வழிபாடு கிரேக்க முறையிலிருந்து விலகிவிட்டது, அதைச் சீர்செய்ய வேண்டும் என்று இறங்கினார். இரண்டு விரலால் சிலுவை போட்டவர்கள் இனி மூன்று விரலால் போட வேண்டும். இரண்டு முறை சொன்ன அல்லேலூயாவை மூன்று முறை சொல்ல வேண்டும். இயேசுவின் பெயரை எழுதும்போது ஓர் எழுத்து கூடும். வடிவமைப்புக் கண்ணால் பார்த்தால் எல்லாம் சில்லறை மாற்றங்கள், ஒரு சாதாரண அப்டேட். விளைவு? திருச்சபை இரண்டாகப் பிளந்தது. 1666-67 சபைக் கூட்டம் பழைய முறையை விடாதவர்கள்மேல் சாபம் விதித்தது. அவர்களுக்குக் குரல் கொடுத்த அவ்வாகும் என்ற குருவை 1682-இல் எரித்துக் கொன்றார்கள். அந்தச் சாபத்தை மாஸ்கோ திருச்சபை நீக்கியது 1971-இல். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இதில் இன்னொரு கூத்து, சாபம் விதித்த அதே கூட்டம் நிக்கனின் பதவியையும் பறித்தது. ஆள் போய்விட்டார், அவர் கொண்டுவந்த மாற்றம் மட்டும் நின்றது. இப்படி வேலையை விட்டுப் போன மேனேஜர்களின் ரீடிசைன்களை நான் இப்போதும் பராமரித்துக்கொண்டிருக்கிறேன்.

நிக்கன் பக்கம் ஆதாரம் இருந்ததா இல்லையா என்பதல்ல எனக்குப் பட்டது. மூன்று விரல் நல்லதா, இரண்டு விரல் நல்லதா என்று மக்கள் சண்டை போடவில்லை. 'நீ இதுவரை செய்ததெல்லாம் பிழை, உன் பாட்டன் செய்ததும் பிழை' என்று மேலேயிருந்து ஒருவர் சொன்னதுதான் தாங்கவில்லை. எங்கள் அறிவிப்பும் அப்படித்தான் இருந்தது. 'பழைய குழப்பமான மெனுவுக்கு விடைகொடுங்கள்' என்று எழுதியிருந்தோம். அந்தக் குழப்பமான மெனுவில் பத்து வருடம் கைபழகி வேலை பார்த்தவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

பழையதையும் புதியதையும் கொஞ்ச காலம் சேர்த்தே வைக்கலாமே என்றால், அதிலும் சிக்கல் உண்டு என்பதற்குக் கத்தோலிக்கத் திருச்சபை உதாரணம். 1960-களில் லத்தீன் திருப்பலி அவரவர் மொழிக்கு மாறியது. 1965 மார்ச் 7 அன்று போப் ஆறாம் பால் தாமே இத்தாலிய மொழியில் திருப்பலி நிறைவேற்றினார். பழைய முறைக்கு ஏங்கியவர்களுக்காக 1984-இல் சிறிய கதவு திறந்தது, 2007-இல் அகலத் திறந்தது, 2021-இல் மறுபடி ஒடுக்கப்பட்டது. 'கிளாசிக் வியூ' என்று ஒரு சுவிட்ச் வைத்த எந்த டீமுக்கும் இந்தத் தேதிகள் அந்நியமாக இருக்காது. சுவிட்சை வைத்தால், அது எப்போது போகும் அல்லது போகவே போகாது என்பதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கொடுத்துவிட்டுப் பிடுங்குவது, கொடுக்காமல் இருப்பதைவிட அதிகம் வலிக்கும். இதை நான் இரண்டு முறை செய்து, இரண்டு முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதையெல்லாம் சொல்லும்போது, பக்தர்கள் பயனர்கள் பக்கம் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தொழிலுக்குள்ளேயே வேதவாக்குகள் உண்டு. 'மூன்று கிளிக்கில் எதுவும் கிடைத்துவிட வேண்டும்' என்பதை ஆதாரம் கேட்காமல் பல வருடம் ஓதினோம். 'ஐந்து பேரை வைத்து டெஸ்ட் செய்தால் போதும்' இன்னொன்று. யூஎக்ஸ் நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000-இல் சொன்னது அது. பதினைந்து பேரை ஒரே தடவை பார்ப்பதைவிட ஐந்தைந்து பேராக மூன்று சுற்று பார், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் திருத்து என்பதுதான் அவர் வாதம். நாங்கள் முதல் ஐந்து பேரோடு எழுந்து வந்துவிட்டு, அவர் பெயரைச் சொல்லிப் பணத்தை மிச்சம் பிடித்தோம். வசனத்தைப் பாதியில் வெட்டி மேற்கோள் காட்டுவது மதப் பேச்சாளர்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

காத்திருப்பு என்ற விஷயத்தில் நான் இன்னும் தெளிவாக இல்லை. ஓர் ஒப்பீட்டுச் சேவையில் முடிவுகள் அரை நொடியில் வந்தன. பயனர்கள் நம்பவில்லை. "அதுக்குள்ள எல்லாத்தையும் பாத்துட்டதா?" என்று சந்தேகப்பட்டார்கள். வேகவேகமாக ஓதி முடிக்கும் குருவைப் பார்த்து வரும் சந்தேகம்தான், வார்த்தை ஒன்றும் விடுபட்டிருக்காது, ஆனாலும் நிறைவு வராது. செய்யப்படும் வேலையைக் கண்ணுக்குக் காட்டினால் மக்கள் காத்திருப்பதைப் பொருட்படுத்துவதில்லை, சில சமயம் விரும்பவே செய்கிறார்கள் என்று ரையன் பியூயலும் மைக்கேல் நார்ட்டனும் 2011-இல் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஆய்வைக் காட்டி நாலு நொடி செயற்கைத் தாமதம் வைத்தேன். வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு முறை அந்தத் திரை சுழலும்போதும் எனக்குக் கூசியது. பிறகு தாமதத்தை எடுத்துவிட்டு, முடிவுகளின் மேலேயே எதையெல்லாம் பார்த்தோம், எது பதில் தரவில்லை என்று நிஜப் பட்டியலைக் காட்டினோம். நம்பிக்கை முழுசாகத் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். கூச்சம் போனது.

'இன்னும் இரண்டே இருக்கிறது, சீக்கிரம்' என்று மிரட்டும் திரைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பயனரை ஏமாற்றிக் காரியம் சாதிக்கும் இப்படிப்பட்ட வடிவங்களுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-இல் டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். பயத்தைக் காட்டிப் பணம் வாங்குவது அதற்கு எத்தனையோ காலம் முந்தியது. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராக 1517-இல் லூத்தர் எழுந்ததன் விளைவு எல்லாருக்கும் தெரியும். நம்பியவனிடம் பயத்தை விற்பவர்களை நான் எந்தப் பக்கத்திலும் மன்னிக்கத் தயாரில்லை.

இந்த ஒப்புமையை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்றும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைப் பேசப் போய் டிசைனர்களுக்குக் கடவுள் வேஷம் கட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. பிரார்த்திப்பவர் பதிலில்லாமல் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார், அந்த மௌனத்துக்குள்ளும் ஏதோ ஓர் அர்த்தம் அவருக்குக் கிடைக்கிறது. திரைக்கு அந்தச் சலுகை கிடையாது. பத்தில் ஒரு நொடிக்குள் வந்தால் உடனடி, ஒரு நொடி தாண்டினால் நினைப்பு அறுபடும், பத்து நொடியில் மனம் வேறெங்கோ போய்விடும் என்ற எல்லைகளை நாங்கள் பல்லாண்டாக வைத்திருக்கிறோம். கடவுள் மௌனமாக இருக்கலாம், ஆப் இருக்கக்கூடாது. இன்னொன்று, நம்பிக்கையை மனிதர்கள் பற்றிக்கொள்வார்கள், விடவும் செய்வார்கள். அந்த அக்கா எங்கள் ஆப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேலையில் சேர்ந்த அன்று கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் தினமும் திறப்பதை எங்கள் அறிக்கைகள் 'விசுவாசமான பயனர்' என்று எழுதின. வேறு வழியில்லாதவரை விசுவாசி என்று சொல்ல எந்த மதமும்கூடக் கொஞ்சம் தயங்கும்.

பட்டன் திரும்ப வந்து ஒரு மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். நோட்டு பையிலேயே இருந்தது, வெளியே எடுக்கவில்லை. எனக்குள் சின்னப் பெருமை. ஒரு குடும்பத்தின் விவரத்தைப் பதிந்து முடித்து 'சேமி'யை அழுத்தினார். 'சேமிக்கப்பட்டது, 4:17' என்று வந்தது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சற்று நின்றார். மறுபடி அழுத்தினார். 'சேமிக்கப்பட்டது, 4:18'.

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாத்தீங்களா தம்பி, நேரம் மாறுது. ரெண்டாவது தடவை அமுக்கினாத்தான் உள்ள போகுது. நான் அப்பவே சொன்னேன்ல."